வயிற்றுக் கொழுப்பும் சலரோகமும்

“மெலிந்த உடம்புக்குச் சலரோகம் வராது.” இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கையில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதை நம்பிப் பலர் இரத்தத்தைச் சோதிக்காமலே இருந்துவிடுகின்றனர். உண்மையில், உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பதோடு அது எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியமாகும்.

கொழுப்பு எமக்குப் பகையன்று. கமக்காரர் நெல்லைப் பஞ்ச காலத்துக்கெனக் களஞ்சியத்தில் சேமிப்பது போல, உடம்பும் மிகுதியான உணவைத் தோலின் கீழுள்ள கொழுப்பிழையத்தில் சேமிக்கின்றது. அங்குள்ள இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்ற ஓமோனை 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி பிரீட்மனின் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்பிழையம் அறவே இல்லாமற் பிறக்கும் மிகச் சிலருக்கும் கடுமையான சலரோகம் வருகின்றது. களஞ்சியம் இல்லாத வீட்டில் நெல் கண்ட இடமெல்லாம் சிந்துவது போன்றது இது.

களஞ்சியம் நிரம்பி வழிந்தாலும் இதுவே நிகழும். மிஞ்சிய கொழுப்பு வயிற்றினுள் குடலைச் சுற்றியும், ஈரலிலும், தசையிலும் படியும். அப்போது இன்சுலினின் வேலை தடைப்பட, இரத்தத்தில் சீனி ஏறும். தென்னாசிய மக்களிடம் வயிற்றினுள் கொழுப்பு சேரும் தன்மை கூடுதலாகும். ஆகவேதான் கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்களையும் இந்நோய் பிடிக்கிறது.

வயலில் மண்வெட்டி பிடித்த நாட்களில் உண்டது உழைப்பில் எரிந்தது. காணியை விட்டு வந்தபின் உழைப்புக் குறைந்தது. பாணும் கோதுமை மாவும் சீனித் தேநீரும் கூடின. காணி திரும்பும்வரை நோய் காத்திராது. ஆகவே நாம் இன்றே செய்யக்கூடியவை:

1. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவால் வயிற்றுச் சுற்றளவை அளப்போம். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், கர்ப்பிணிகள் அல்லாத பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை அளவுகள்.

2. தேநீரில் சீனியைக் குறைப்போம். குரக்கன், பயறு, கீரை ஆகியவற்றைக் கூட்டுவோம்.

3. நாளும் அரை மணி நேரம் விரைந்து நடப்போம். சிறு துண்டு நிலமாயினும் கொத்திப் பயிரிடுவோம்.

4. அறிகுறி இல்லாமலும் சலரோகம் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதிப்போம்.

இவற்றால் பயன் உண்டா? அமெரிக்காவில் சலரோகத்தின் விளிம்பில் நின்றவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பாலும் சிறிதளவு நிறைக்குறைப்பாலும் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. மண்வெட்டி பழகிய கைகளுக்கு அந்த 150 நிமிடம் பெரிய பாரமன்று.