கூடிக் களித்த இடங்கள் – 9: எட்டு வயதில் விடைபெறும் வாடிக்கையாளர்

சென்ற வாரம் பார்த்த கோனி தீவுக்குக் கடலும் வெயிலும்தான் முதலீடு. இந்த வாரம் போகப்போகும் இடமும் வெயிலை நம்பிப் பிழைத்ததுதான் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். ஏனென்றால் அது கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர்.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை நெருங்கும் இடத்தில் அடிராண்டாக் மலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒயிட்ஃபேஸ் என்றொரு சிகரம், உயரம் 4,867 அடி. கிட்டத்தட்ட உச்சிவரை காரிலேயே ஏறிப் போகலாம். 1935-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நேரில் வந்து திறந்துவைத்த மலைச்சாலை அது. பனி கொட்டத் தொடங்கினால் சாலையை மூடிவிடுவார்கள், கோடையில்தான் மறுபடி திறப்பார்கள். அந்தச் சாலையின் அடிவாரத்துப் பகுதியில் 'சாண்டாஸ் வொர்க்‌ஷாப்' என்ற குட்டிக் கிராமம் திறக்கப்பட்ட நாள் 1949 ஜூலை 1. இடத்துக்கு வைத்த பெயர் 'நார்த் போல்', அதாவது வடதுருவம். ஜூலை மாத வெயிலில் வடதுருவம்!

யோசித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. போர் முடிந்து 1945-இல் பெட்ரோல் ரேஷன் போயிற்று. திரும்பி வந்த சிப்பாய்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், வீடுதோறும் குழந்தைகள், வாசலில் ஒரு கார், கோடையில் சம்பளத்தோடு விடுமுறை. பின்சீட்டில் இரண்டு மூன்று வாண்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் அப்பாவுக்கு வழியில் நிறுத்த ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவே உட்கார்ந்திருந்தால் குழந்தைகள் வேறெங்கும் போக விடுவார்களா? டிசம்பரில் அந்த மலைக்குப் போகிறவர்கள் பனிச்சறுக்கு ஆட்கள். அவர்களுக்குத் தாத்தாவைப் பார்க்க நேரமில்லை.

இந்த ஊர் ஒரு படுக்கைநேரக் கதையிலிருந்து பிறந்தது என்பார்கள். பக்கத்து லேக் பிளாசிட் நகரத்துத் தொழிலதிபர் ஜூலியன் ரைஸ், கரடிக்குட்டி ஒன்று வடதுருவத்தில் தாத்தாவின் பட்டறையைக் கண்டுபிடித்த கதையைத் தன் சின்ன மகளுக்குச் சொன்னார். அங்கே கூட்டிப் போகச் சொல்லி அவள் அடம்பிடித்தாளாம். எந்த அப்பாவும் வேறு பேச்சில் திருப்பிவிட்டுத் தூங்க வைத்திருப்பார். ரைஸ் ஆள் தேடினார். கிடைத்தவர் ஆர்ட்டோ மொனாக்கோ.

இந்த மொனாக்கோவைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதலாம். பக்கத்திலுள்ள அப்பர் ஜே கிராமத்துக்காரர். ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் ஓவியராக வேலை பார்த்தவர். போரின்போது ராணுவம் அவரிடம் கொடுத்த வேலை விசித்திரமானது. அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தெருச்சண்டைப் பயிற்சி கொடுப்பதற்காக ஒரு போலி ஜெர்மன் கிராமத்தைக் கட்டவேண்டும். சுடுவதற்காக ஒரு பொய்க் கிராமத்தைக் கட்டிய அதே கை, சில ஆண்டுகளில் குழந்தைகளுக்காக இன்னொன்றைக் கட்டியது. செங்குத்துக் கூரைகள், மரக்கட்டை வீடுகள், தாத்தாவின் வீடு, பட்டறை, ஒரு சிறு தேவாலயம். எல்லாம் கதைப்புத்தகப் படம் போலக் கொஞ்சம் கோணலாக இருக்கும். நேர்க்கோட்டில் கட்டியிருந்தால் அது வெறும் கடைத்தெருவாகியிருக்கும்.

நடுவில் ஒரு கம்பம். அதுதான் வடதுருவம். எந்தக் கோடையிலும் அதன்மேல் உறைபனி படிந்தே இருக்கும், குழந்தைகள் ஓடிவந்து கையை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கூவுவார்கள். உள்ளே குளிர்பதனக் குழாய் ஓடுகிறது, அவ்வளவுதான். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பட்டு உறைகிறது. அதனால் புழுக்கமான ஜூலை நாளில் அதற்குத் தீனி அதிகம். இந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கம்பம்தான். கோடையை ஒளித்து வைக்கப் பார்க்காமல் கோடையைக் கொண்டே பனி செய்கிறார்கள்.

ஒரு குடும்பம் இங்கே வந்தால் என்ன செய்யும்? அதிகமாக ஒன்றுமில்லை. ரெயின்டீர் மான்களுக்குத் தீனி கொடுக்கலாம். சின்ன ரயிலில் ஒரு சுற்று, மான் உருவங்கள் சுழலும் ராட்டினத்தில் ஒரு சுற்று. தொடக்க காலத்தில் கொல்லர், மெழுகுவத்தி செய்பவர், கண்ணாடி ஊதுபவர் என்று கைவினைஞர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து உண்மையாகவே பொருள் செய்து விற்றார்கள். பட்டறை என்று பெயர் வைத்துவிட்டு அங்கே வேலை நடக்காவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும் அல்லவா? பிறகு தாத்தாவின் வீடு. வரிசையில் நின்று உள்ளே போய், கேட்க வந்ததைக் கேட்டு, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகுமுன் விடாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அங்கே வாயடைத்துப் போவதும், வெளியே வந்ததும் சொல்ல மறந்ததை நினைத்து அழுவதும் இம்மாதிரிப் பூங்காக்களில் வழக்கம்.

அஞ்சல் பெட்டியும் உண்டு. இங்கே போட்டால் வடதுருவம் என்ற முத்திரையோடு கடிதம் போகும். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போய் டெல்லி அப்பளம் தின்னாமல் திரும்புவது எப்படியோ, அப்படித்தான் இங்கே வந்து ஓர் அட்டை போடாமல் போவதும்.

இனி கணக்குக்கு வருவோம். இத்தொடரில் பார்த்த கேளிக்கை இடங்களிலேயே மிகக் கடினமான தொழில் இதுதான் என்பேன். இதன் வாடிக்கையாளருக்கு மூன்று வயதில் விவரம் தெரிகிறது, எட்டு வயதில் உண்மை தெரிந்துவிடுகிறது. நடுவில் ஐந்து கோடைகள். அதற்குப் பிறகு கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டான். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களே! ஐந்தே ஆண்டில் தன் வாடிக்கையாளர் முழுவதையும் இழக்கும் கடையை எப்படி நடத்துவது? அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பூங்காக்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் தேடின.

முதல் பதில், ஒரே ஊரில் குழந்தை தீர்ந்துபோகும் என்றால் ஊர் ஊராகக் கடை போடுவது. கலிபோர்னியாவில் க்ளென் ஹாலண்ட் அதைச் செய்தார். சான் பெர்னார்டினோ மலைமேல் ஸ்கைஃபாரஸ்ட் என்ற இடத்தில் 1955 மே மாதக் கடைசியில் அவருடைய 'சாண்டாஸ் வில்லேஜ்' திறந்தது. டிஸ்னிலேண்ட் திறந்தது அந்த ஜூலை 17-ஆம் தேதி, ஆக தாத்தா மிக்கி எலியை ஏழு வாரம் முந்திக்கொண்டார். 1957-இல் ஸ்காட்ஸ் வேலி, 1959-இல் சிகாகோ அருகே ஈஸ்ட் டண்டீ என்று கிளைகள். அமெரிக்காவில் கிளை பரப்பிய முதல் கேளிக்கைப் பூங்கா இதுதான் என்று சொல்வதுண்டு. ஒரே அச்சில் வார்த்த காளான் வீடுகள், ஒரே மாதிரித் தாத்தா. ஸ்காட்ஸ் வேலி 1979-இல் மூடியது, ஸ்கைஃபாரஸ்ட் 1998-இல். ஈஸ்ட் டண்டீ அடுத்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள்வரை இழுத்துப் பிடித்தது. கடைசி இரண்டும் பிற்பாடு வேறு கைகளில் மறுபடி திறந்தன. ஒன்றில் சைக்கிள் பாதைகள் சேர்ந்தன, மற்றதில் விலங்குகள்.

இரண்டாவது பதில், காத்திருப்பது. எட்டு வயதில் விடைபெற்றவள் முப்பது வயதில் தன் பிள்ளையோடு வருவாள். அவள் வரும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்கவேண்டும். ரைஸின் வடதுருவம் இந்த வழியைப் பிடித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் நார்மண்ட், செசீல் டூபுவா தம்பதி 1953-இல் தொடங்கிய 'சாண்டாஸ் வில்லேஜ்' ஓரளவு இதே வழிதான். (ஹாலண்டின் பூங்காக்களோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.) அங்கே பூங்கா முழுக்க 26 குட்டிச்சாத்தான்கள் ஆளுக்கோர் ஆங்கில எழுத்தோடு ஒளிந்திருக்கிறார்கள், ஓர் அட்டையை வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்கவேண்டும். அம்மாவுக்கு எங்கெங்கே என்று பழைய ஞாபகம் இருக்கும், காட்டிக் கொடுக்காமல் இருப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

காத்திருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நிறுத்திவைத்த இடம் பழசாகிக்கொண்டே போகும், ஆனால் கை வைத்தால் வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வண்ணம் பூசலாம், நிறத்தை மாற்றக் கூடாது. சாலையும் இவர்களைக் கேட்டுக்கொண்டு மாறவில்லை. அடிராண்டாக்கை ஊடுருவிச் செல்லும் அதிவேக நெடுஞ்சாலை 1967-இல் முடிந்தது. பழைய சாலையில் பலகை பார்த்து வண்டியைத் திருப்பியவர்கள் நேரே மாண்ட்ரியல்வரை பறக்கத் தொடங்கினார்கள். மொனாக்கோ தன் சொந்த ஊரில் 1954-இல் திறந்த 'லேண்ட் ஆஃப் மேக்பிலீவ்' என்ற குழந்தைகள் பூங்காவை, அடுத்தடுத்து வந்த ஆற்று வெள்ளம் 1979-இல் மூடவைத்தது. ஒயிட்ஃபேஸ் சாலையோரத்துக் கிராமத்துக்கு மேட்டு நிலம் என்ற அதிர்ஷ்டமாவது இருந்தது.

மூன்றாவது பதில் இண்டியானாவில் கிடைத்தது. தெற்கு இண்டியானாவில் சாண்டா கிளாஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1856-இல் அஞ்சலகத்துக்கு சாண்டா ஃபே என்று பெயர் கேட்டார்கள், மாநிலத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்ததால் கிடைக்கவில்லை, இப்படி வைத்துக்கொண்டார்கள். பெயரைப் பார்த்து உலகமெங்கும் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். 1935-இல் இரண்டு பேர் அங்கே வியாபாரத்துக்கு இறங்கினார்கள். ஒருவர் மிட்டாய்க் கோட்டை கட்டினார், இன்னொருவர் 22 அடியில் தாத்தாவுக்குச் சிலை வைத்தார். பிறகு இருவரும் வழக்குப் போட்டுக்கொண்டு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1940-இல் வந்த தீர்ப்பில் வாதி பெயரும் சாண்டா கிளாஸ், பிரதிவாதி பெயரும் சாண்டா கிளாஸ்!

ஓய்வுபெற்ற தொழிலதிபர் லூயி கோக் ஒன்பது பிள்ளைகளின் தந்தை. ஊர்ப் பெயரை நம்பி வரும் பிள்ளைகள் அங்கே தாத்தாவைக் காணாமல் ஏமாந்து திரும்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1946 ஆகஸ்ட் 3 அன்று 'சாண்டா கிளாஸ் லேண்ட்' திறந்தார். பொம்மைக்கடை, உணவகம், குட்டி ரயில், தாத்தாவாக ஜிம் யெலிக். 1955 வரை நுழைவுக் கட்டணமே வாங்கவில்லை. யெலிக் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோக்கின் மகன் பில் 1960-இல் யெலிக்கின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரில் மாப்பிள்ளையை எப்படிக் கிண்டலடித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இவர்கள் காத்திருக்கவில்லை. 1984-இல் பெயரையே 'ஹாலிடே வேர்ல்ட்' என்று மாற்றினார்கள். கிறிஸ்துமஸ் பகுதி ஒரு மூலைக்குப் போனது, பக்கத்தில் ஹாலோவீனும் ஜூலை நான்காம் தேதி சுதந்திர நாளும் வந்தன. 1995-இல் 'ரேவன்' என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டர், 2006-இல் 6,442 அடி நீளத்தில் 'வாயேஜ்'. இப்போது அங்கே வருகிற பெருங்கூட்டம் தாத்தாவைப் பார்க்க வருவதில்லை. பழைய ஆட்களுக்கு இதில் வருத்தம் இருக்கலாம், எனக்கு இல்லை. ஏனென்றால் தாத்தா இன்னும் அங்கேதான் இருக்கிறார், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்கிறார். அண்ணன் ஒரு வரிசையில், தங்கை இன்னொரு வரிசையில், அம்மா இரண்டு பைகளோடு நடுவில்.

'வாயேஜ்' வாசலில் உயரம் அளக்கும் கோல் வைத்திருக்கிறார்கள். ஏற 48 அங்குலம் வேண்டும், அதாவது நான்கு அடி. பெரும்பாலான பிள்ளைகள் அந்த உயரத்தைத் தொடுவது ஏழெட்டு வயதில்.

(தொடரும்)