குவாங்சோவில் கிடைக்கும் மூன்று நாட்கள்

சீனாவின் குவாங்சோ நகரில் வருடத்துக்கு இரண்டு முறை நடைபெறும் கென்டன் வர்த்தகக் கண்காட்சி நமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. 1957 முதல் நடந்து வரும் இக்கண்காட்சி இப்போது மூன்று கட்டங்களாக நடைபெறுகின்றது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் முதற் கட்டம் 15 முதல் 19 வரை. மின்சாதனங்கள், இயந்திரங்கள், இரும்புச் சாமான்கள் அப்போது வரும். வீட்டுப் பாவனைப் பொருட்களும் அன்பளிப்புப் பொருட்களும் வரும் இரண்டாம் கட்டம் 23 முதல் 27 வரை. விளையாட்டுப் பொருட்களும் ஆடைகளும் மூன்றாம் கட்டத்துக்குரியவை. இரும்புச் சாமானும் சமையலறைப் பாத்திரமும் சேர்த்து வாங்கப் போகும் ஒருவருக்கு 20, 21, 22 ஆகிய மூன்று நாட்கள் சும்மா கிடைக்கின்றன. கண்காட்சிக்காக அன்றி வேறு காலங்களில் போகின்றவர்களுக்கும் மாதிரி தயாராகும் வரை, முகவர் வரும் வரை என்று ஓரிரு நாட்கள் எப்படியும் மிஞ்சும்.

அந்த நாட்களை நம்மவர்கள் பெரும்பாலும் ஹோட்டல் அறையில்தான் கழிக்கின்றார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுப்பது, தூங்குவது, இரவில் தெரிந்தவர்களோடு கூடிச் சாப்பிடுவது. அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நகரைச் சுற்றிப் பாருங்கள் என்று சொல்வதற்குப் பொழுதுபோக்கு மட்டும் காரணமல்ல. குவாங்சோவுக்கு நாம் வாங்குபவர்களாக மட்டுமே போகின்றோம். அங்கிருந்து கொள்கலன் நிரம்பி வருகின்றது, இங்கிருந்து அங்கே போவது சொற்பம். 2022ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டின் போது எல்.சி. திறப்பதற்காக வங்கி வங்கியாக ஏறி இறங்கியவர்கள் இதன் கஷ்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். சொந்தமாக டொலர் உழைக்கும் ஒரு சிறு ஏற்றுமதியாவது கையில் இருந்திருந்தால் என்று அப்போது எண்ணியவர்கள் பலர். சீனர்கள் வெளிநாட்டிலிருந்து எதை வாங்குகின்றார்கள் என்பதைக் கண்காட்சி மண்டபத்துக்குள் அவ்வளவாகப் பார்க்க முடியாது. அதற்குத் தெருவுக்குத்தான் இறங்க வேண்டும்.

கண்காட்சி நடக்கும் பாஜோ பகுதியிலிருந்து மெட்ரோ ரயிலின் 8ஆம் இலக்கப் பாதையில் ஏறினால் நேராகக் கலாசாரப் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே ஷிசான்ஹாங் என்ற ஆடை மொத்தச் சந்தை. அதிகாலையில் திறந்து, மதியத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும். நம் புறக்கோட்டைக் கடைகளின் நேரத்தை எண்ணிக்கொண்டு மாலையில் போனால் இழுத்து மூடிய கதவுகளைத்தான் பார்க்கலாம்.

'பதின்மூன்று வணிக இல்லங்கள்' என்பதே அப்பெயரின் பொருள். 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகக் கப்பல்கள் சீனாவில் வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறைமுகம் இந்நகர்தான். ஆங்கிலேயர் இங்கே தேயிலையையும் பட்டையும் அள்ளி அள்ளி வாங்கினார்கள். திருப்பி விற்கப் போதிய சரக்கு அவர்களிடம் இல்லை. வெள்ளி கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தது. அந்தக் குறையை நிரப்பத்தான் அவர்கள் அபினைக் கொண்டு வந்தார்கள். அது யுத்தத்தில் போய் முடிந்தது. வாங்க மட்டும் வருபவனின் சங்கடம் இந்தத் தெருவுக்குப் பழைய கதை.

அங்கிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் ஷாமியான் என்ற சின்னத் தீவு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வைத்திருந்த இடம். பழைய கட்டடங்களும் பெரிய மர நிழலும் உண்டு, கால் வலித்தால் உட்காரலாம். நமக்கு முக்கியமானது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உள்ள சிங்பிங் மருந்துச் சரக்குச் சந்தை. மூலிகை, வேர், காளான், வாசனைத் திரவியம் எல்லாம் சாக்குச் சாக்காக இருக்கும். கறுவா வியாபாரிகள் இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே குவிந்திருப்பது தடித்த, ஒற்றைச் சுருளான பட்டை. அது கசியா எனப்படும் வேறு இனம். மெல்லிய பட்டைகளை அடுக்கிச் சுருட்டிய நமது கறுவா அல்ல. இறைச்சி அவிப்பதற்கும் கஷாயத்துக்கும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவிப்பது அந்தக் காரமான பட்டையைத்தான். நமது சரக்கு உயர்ந்தது என்று சொல்லி இந்தச் சந்தையில் விற்றுவிடலாம் என நான் நினைக்கவில்லை. ஒரு பொருளுக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்துகொண்டாலே விமானச் செலவில் ஒரு பகுதி மிச்சம்தான்.

இடமுள்ள பொருளைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஈடே வீதிக்குப் போக வேண்டும். 6ஆம் இலக்க ரயில் பாதையில் அதே பெயரில் நிலையம் உண்டு. விளையாட்டுப் பொருள், அலங்காரப் பொருள் வாங்கும் நம்மவர்களில் பலருக்கு இந்த வீதி பழக்கமானது. ஆனால் அதே வீதியிலுள்ள கருவாட்டுக் கடைகளுக்குள் எத்தனை பேர் நுழைந்திருப்பார்கள்? தென்சீனாவின் முக்கியமான உலர் கடலுணவு மொத்தச் சந்தைகளில் ஒன்று அது. காய்ந்த இறால், மீன் பன்னா, கணவாய் இவற்றுக்கு நடுவே கண்ணாடிப் போத்தல்களிலும் பெட்டிகளிலும் கடலட்டை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பண்ணை வைத்து வளர்க்கின்றார்களே, அந்தப் பொருள்தான். நம் நாட்டிலிருந்து போகும் கடலட்டை பல கைகள் மாறித்தான் இப்படியான கடைக்கு வந்து சேர்கின்றது.

இங்கே அவசரப்படாமல் கடை கடையாகப் பாருங்கள். முதலில் நிறுவை. விலை எழுதியிருப்பது கிலோவுக்கல்ல, ஜின் என்ற அளவுக்கு. சீனப் பெருநிலத்தில் ஒரு ஜின் 500 கிராம். ஹொங்கொங்கில் அதே எழுத்தால் குறிக்கப்படும் கட்டி ஏறத்தாழ 605 கிராம். இந்த வித்தியாசம் தெரியாமல் இரு நகர விலைகளையும் ஒப்பிட்டால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு பிழைத்துவிடும். அடுத்தது பருமன். ஒரு ஜின்னுக்கு எத்தனை உருப்படி நிற்கும் என்பதை வைத்தே தரம் பேசுகின்றார்கள். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். பிறகு காய்ச்சல். ஈரம் நின்ற சரக்கை விரலால் தட்டியே தள்ளிவிடுவார்கள். வடசீனக் கடலில் கிடைக்கும் முள்ளுள்ள இனத்துக்கே பொதுவாக அவர்கள் மனதில் முதலிடம். நமது வெப்பக் கடல் அட்டைகள் எந்தத் தட்டில் வைக்கப்படுகின்றன, எவ்வளவுக்குப் போகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர், கல்பிட்டியிலோ மன்னாரிலோ பேரம் பேசும்போது வேறு ஆளாக இருப்பார். ஆனால் பார்த்த வேகத்தில் இறங்கிவிடக் கூடாது. இத்தொழிலுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சில கடலட்டை வகைகள் 2020 முதல் சைட்டிஸ் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன.

தேயிலையில் தொடர்புள்ளவர்கள் இன்னொரு நாளை 1ஆம் இலக்கப் பாதையிலுள்ள ஃபாங்சுன் தேயிலைச் சந்தைக்கு ஒதுக்கலாம். கடைக்காரர் உட்கார வைத்து, சின்னக் கோப்பையில் ஊற்றித் தந்துகொண்டே இருப்பார். பச்சைத் தேயிலை, ஊலோங், பழக வைத்து விற்கும் பூஅர் ஆகியவையே அங்கு ராஜாக்கள். 2007இல் பூஅரின் விலை ஊகத்தில் ஏறி, திடீரென்று விழுந்து பலரை மூழ்கடித்ததும் இச்சந்தையில்தான். நமது கறுப்புத் தேயிலையை அவர்கள் சிவப்புத் தேயிலை என்பார்கள். 'ஷீலான் ஹொங்ச்சா' என்று கேட்டுப் பாருங்கள். ஷீலான் என்பது சிலோன். பால் தேநீர்க் கடைகளுக்குப் போகும் தூள் ரகங்களை எடுத்து வைப்பார்கள். எந்தத் தரம் ஓடுகின்றது என்பது அப்போது விளங்கும்.

வெள்ளிக்கிழமை அகப்பட்டால் ஜும்ஆவுக்கு இரண்டு இடங்கள். குவாங்தா வீதியிலுள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசலின் மினாரா 36 மீற்றர் உயரம், வழுவழுப்பான உருளை. ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்காகவும் இருந்தது. யுவேசியூ பூங்காவை அடுத்துள்ள மற்றப் பள்ளிவாசலின் வளாகத்தில் ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களுடையது எனச் சீன முஸ்லிம்கள் கருதும் அடக்கஸ்தலம் உள்ளது. அவர்கள் மதீனாவில் அடக்கப்பட்டார்கள் என்பதே வரலாற்றாசிரியர்களின் கூற்று. தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஆபிரிக்க, அரபு, யெமன் வியாபாரிகளைச் சந்திக்கலாம். எந்தத் தொழிற்சாலை சொன்ன தவணைக்குச் சரக்குத் தருகின்றது, எந்த முகவர் இழுத்தடிக்கின்றார் என்ற தகவல் அங்கேதான் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு 'சிங்ஜென்' என்ற இரண்டு சீன எழுத்துகளைக் கைத்தொலைபேசியில் படமாக வைத்திருங்கள். ஹலால் என்பதற்கு அங்கு வழங்கும் சொல் அது. லான்ஜோ நூடில்ஸ் கடைகள் பலவற்றின் பலகையில் அதைக் காணலாம். கூகுள் வரைபடத்தை நம்பிப் போக வேண்டாம், அங்கே அது இயங்காது. அலிபே அல்லது வீசெட்டில் உங்கள் வங்கி அட்டையை இங்கிருந்தே இணைத்துக்கொண்டு புறப்படுங்கள், சின்னக் கடைக்காரரும் அதைத்தான் கேட்பார். புதிய டிசைன் தொங்கும் கடைகளில் கேட்காமல் படம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். ஈடே வீதியில் விலைகளைக் கடைக்கு வெளியே வந்து கொப்பியில் குறித்துக்கொள்வதே நல்லது. கூடவே இனத்தின் பெயரைச் சீன எழுத்திலேயே கடைக்காரரைக் கொண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.