எர்த் கம்பியை எங்கே இணைப்பது?

மாணவ நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்தின் பல விளக்குகளுக்கு ஒரே ஒரு கம்பிதான் செல்கிறது. மின்னோட்டம் பாயச் சுற்று முழுமையடைய வேண்டுமே! திரும்பும் வழி எது? பேருந்தின் இரும்புச் சட்டம்தான். பாட்டரியின் எதிர்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், சட்டமே இரண்டாவது கம்பியாகிறது. மெக்கானிக்குகள் இதைப் 'பாடி எர்த்' என்பார்கள்.

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பேருந்துகளில் இடங்காட்டும் கருவி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. செயற்கைக்கோள்களின் சைகைகளைக் கொண்டு வண்டி இருக்குமிடத்தைக் கண்டறிந்து தெரிவிக்கும் சிறு பெட்டி அது. பேருந்தில் அதன் கறுப்புக் கம்பியைச் சட்டத்தில் திருகிவிட்டாலும் கருவி இயங்கும்.

இனி ராஜபாளையத்தில் இறங்குவோம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் பல நூற்பாலைகளைக் கண்ட ஊர் இது. பஞ்சுப் பேல்களைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் பாட்டரியால் ஓடுபவையும் உண்டு. அத்தகைய வண்டியில் இக்கருவியைப் பொருத்தும்போது கறுப்புக் கம்பியைச் சட்டத்தில் இணைக்கலாமா?

கூடாது! இவ்வண்டிகளில் பாட்டரியின் இரு முனைகளையுமே சட்டத்தைத் தொடாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பியின் உறை தேய்ந்து சட்டத்தைத் தொட்டாலும் சுற்று முழுமையடையாது, ஆபத்தும் நேராது. முதல் பழுதைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

கருவியின் உலோகப் பெட்டி உள்ளே கறுப்புக் கம்பியோடு இணைந்திருக்கிறது என்று கொள்வோம். கறுப்புக் கம்பி பாட்டரியின் எதிர்முனைக்குச் செல்கிறது. பெட்டியைச் சட்டத்தில் முடுக்கியதுமே சட்டமும் எதிர்முனையோடு சேர்ந்துவிடுகிறது. முதல் பழுதை நாமே உண்டாக்கிவிட்டோம்! பின்னொரு நாள் நேர்முனைக் கம்பி சட்டத்தைத் தொட்டால் என்ன ஆகும்? பாட்டரி 48 வோல்ட், பாதையின் தடை 0.1 ஓம் என்றால், ஓம் விதிப்படி 480 ஆம்பியர் பாயும். மெல்லிய கறுப்புக் கம்பி பழுக்கக் காய்ந்து உருகும். சிவப்புக் கம்பியிலுள்ள ஃபியூஸ் காப்பாற்றாது. மின்னோட்டம் அதன் வழியே செல்லவில்லையே! சுற்றிலும் பஞ்சு இருக்குமிடத்தில் ஒரு தீப்பொறியே போதும்.

ஆகவே இரு கம்பிகளையும் நேரே பாட்டரியின் இரு முனைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரண்டிலும் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். கருவிக்குக் குறைந்த வோல்ட் தேவையானால், உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பின்றிப் பிரிந்த மாற்றியைப் பயன்படுத்த வேண்டும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே மின்கடத்தாப் பொருள் வேண்டும்.

அப்படியானால் ஆலையில் நிலையாக நிற்கும் நூற்பு இயந்திரத்துக்கும் எர்த் வேண்டாமா? கட்டாயம் வேண்டும்! அது மின்வாரிய மின்சாரத்தில் ஓடுவது. மின்கம்பி அதன் சட்டத்தைத் தொட்டால், தொடும் தொழிலாளியின் உடல் வழியே மின்சாரம் நிலத்துக்குப் பாயும். 230 வோல்ட், உடலின் தடை 1,000 ஓம் என்று கொண்டால் 0.23 ஆம்பியர், உயிரைப் பறிக்க இது போதும். நல்ல எர்த் கம்பி இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, ஃபியூஸை உருக்கி, மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

பேருந்தில் திரும்பும் வழி. நூற்பு இயந்திரத்தில் உயிர்க்காப்பு. பாட்டரி வண்டியிலோ விலக்க வேண்டிய தொடர்பு. சொல் ஒன்று, பொருள் மூன்று! எனவே கம்பியை இணைக்குமுன் மின்னோட்டம் எங்கே புறப்பட்டு எவ்வழியே திரும்புகிறது என்று படம் வரைந்து பாருங்கள்.

உங்கள் வீட்டு மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பது ஏன்? சிந்தித்து, ஆசிரியரிடம் விடையைச் சொல்லுங்கள்.