இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே ஒரு மலை

கோவை பீளமேடு விமான நிலையத்தையும் மதுரை விமான நிலையத்தையும் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோட்டின் நீளம் சுமார் 175 கிலோமீட்டர். ஏறக்குறைய பாதி வழியில், பழனி மலைக்கோயிலுக்கு நான்கைந்து கிலோமீட்டர் கிழக்கே அது கடந்து போகும். கோயிலிலிருந்து நேர்கோட்டில் கோவைக்கு 84, மதுரைக்கு 92. இப்படி நடுவில் அமைந்த ஊர் என்பதால், "பிளைட்டுக்குக் கோயமுத்தூரா, மதுரையா?" என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு.

வானத்தில் அந்த இரண்டு நிலையங்களும் கால் மணி நேரத் தூரம். ஆனால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விமானத்திலேயே போக நினைப்பவர் வேறு ஊர் போய் மாற வேண்டியிருக்கும்; சென்னை வழியாக என்றால் பறக்கும் தூரம் 800 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இறங்கி ஏறிக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், பழனி வழியாக ஓடும் கோவை - மதுரை ரயிலே மேல். அது ஐந்தரை மணி நேர அளவில் போய்ச் சேர்ந்துவிடும்.

தரையில் கணக்கை மாற்றுவது மலை. அந்த நேர்கோடு பழனியைத் தாண்டியதும் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களின் மேல் ஏறி, வத்தலக்குண்டுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவே மல்லிகை வயல்களில் இறங்குகிறது. காருக்கு அந்த வழி இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று போக வேண்டும். அதனால் 92 கிலோமீட்டர் சுமார் 130 ஆகிவிடுகிறது. கோவைப் பக்கம் சமவெளி. உடுமலையில் பல்லடம் சாலைக்குத் திரும்பி, குடிமங்கலத்துக் காற்றாலைகளைக் கடந்து சூலூர் வழியே போனால் நகர நெரிசலில் சிக்காமலே பீளமேட்டைப் பிடிக்கலாம். 110 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டரை மணி நேரம் போதும். மதுரைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். என்னைக் கேட்டால், சென்னைக்குப் பறக்கிறவர்கள் கோவைக்குப் போவதே நல்லது.

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகளும், எடப்பாடியிலிருந்து வரும் பெருங்கூட்டமும், வழியெங்கும் சேர்ந்துகொள்ளும் பாதயாத்திரைக்காரர்களும் சாலையை நிறைத்துவிடுவார்கள். அப்போது நடப்பவர்களின் வேகம்தான் சாலையின் வேகம். அதுவே சரி, நூற்றாண்டுகளாக அவர்கள் வந்த வழி அது. விமானம் பிடிக்கிறவர் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பட்டும்.

எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. கொழும்பிலிருந்து பழனிக்கு வருகிறவர்கள் மதுரையில் இறங்குகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களில் பலர் கோவையில் இறங்குகிறார்கள். வயதானவர்கள், நேர்த்திக்கடன் வைத்தவர்கள். வாடகைக் கார் வைக்க முடியாதவர் மதுரையில் என்றால் ஆரப்பாளையம் போய்ப் பழனி பஸ்ஸைத் தேட வேண்டும். கோவையில் என்றால் நகரத்தைக் குறுக்கே கடந்து உக்கடம் வர வேண்டும். கடல் தாண்டி வந்த நேரத்தைவிட இந்தக் கடைசி 130 கிலோமீட்டருக்கு அதிக நேரம் பிடிக்கிறது, கொழும்புக்காரருக்கு. திருவிழா நாட்களிலாவது இரண்டு விமான நிலைய வாசலிலிருந்தும் அடிவாரத்துக்கு ஒரு அரசு பஸ் விடலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விமானம் வரும் நேரத்துக்குப் பொருத்தமாக, மூட்டை வைக்க இடத்தோடு.