கிட்டார் பெருக்கி மாதிரியாக்கக் கருவி

கிட்டார் பெருக்கி மாதிரியாக்கக் கருவி என்பது, மின் கிட்டாருடன் பயன்படும் ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கி, அதன் ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் வைக்கப்படும் ஒலிவாங்கி ஆகியவற்றின் ஒலிப் பண்புகளை எண்ணிமக் கணக்கீட்டின் மூலம் மீளுருவாக்கும் இலத்திரனியல் கருவி ஆகும். இது அடிப்படையில் ஒரு சிறு கணினி. எனவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிய திறன் கொண்ட புதிய கருவிகள் வெளிவருகின்றன. கையில் உள்ளதை வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்பது இக்கருவியைப் பயன்படுத்துவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

பின்னணி

மின் கிட்டாரின் ஒலியில் பெருக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. வெற்றிடக் குழல்களைக் கொண்ட பெருக்கியை அதன் எல்லை வரை இயக்கும்போது, ஒலியலையின் வடிவம் திரிந்து புதிய இசைச்சுரங்கள் சேர்கின்றன. ராக், புளூஸ் இசைகளின் அடையாளமான ஒலி இத்திரிபினால் உண்டாவதே. அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன், அதன் மின்சுற்றைப் பின்பற்றி 1962 இல் இலண்டனில் உருவான மார்ஷல் ஜேடிஎம்45, இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 ஆகியவை பெரிதும் போலச் செய்யப்படும் பெருக்கிகளாகும். கிட்டாருக்குரிய ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5,000 ஏர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகளைக் குறைவாகவே வெளியிடுவதால், அவையும் ஒரு வடிகட்டி போலச் செயற்படுகின்றன.

இப்பெருக்கிகள் எடை மிகுந்தவை. உரத்து ஒலிக்கும்போதுதான் அவற்றின் சிறந்த ஒலி கிடைக்கும். வீட்டிலும் சிறு பதிவறையிலும் இது இயலாது என்பதே மாதிரியாக்கக் கருவிகள் தோன்றக் காரணமாயிற்று.

வரலாறு

எண்ணிமக் கருவிகளுக்கு முன்பே ஒப்புமை மின்சுற்றுகளால் இம்முயற்சி தொடங்கிவிட்டது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த ராக்மேன் 1982 இலும், டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் 1989 இலும் வெளிவந்தன. ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 1995 இல் எண்ணிம மாதிரியாக்கத்தை அறிமுகப்படுத்தியது. லைன் 6 நிறுவனம் 1998 இல் வெளியிட்ட பாட் என்னும் கையடக்கக் கருவி இம்முறையைப் பரவலாக்கியது.

2006 இல் வெளியான ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், பெருக்கியின் உட்பகுதிகளை விரிவாகக் கணக்கிடும் போக்கை முன்னெடுத்தது. 2011 இல் செருமனியின் கெம்பர் வேறொரு வழியைக் கையாண்டது. உண்மையான பெருக்கி ஒன்றினூடாகச் சோதனை ஒலிகளைச் செலுத்தி, வெளிவருவதை அளந்து, அப்பெருக்கியின் ஒலிப்படிமத்தைச் சேமிப்பதே அவ்வழி. 2015 இல் லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் வெளிவந்தது. பின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி நிறுவனம் தனது குவாட் கார்டெக்ஸ் கருவியில் செயற்கை நரம்பணுப் பிணைய முறையைக் கையாண்டது.

செயற்படும் முறை

கிட்டாரிலிருந்து வரும் மின்குறிகை நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகின்றது. பின்னர் மூன்று செய்திகள் ஒலியின் தரத்தை முடிவு செய்கின்றன.

முதலாவது, திரிபைக் கணக்கிடும் முறை. திரிபு புதிய உயர் அதிர்வெண்களை உண்டாக்குகின்றது. நொடிக்கு 48,000 தடவை அளக்கும் கருவியில் 24,000 ஏர்ட்சைத் தாண்டும் அதிர்வெண்கள், கீழ்நோக்கி மடிந்து, வாசிக்கும் சுரத்துடன் தொடர்பற்ற ஒலிகளாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, பலமடங்கு கூடிய வீதத்தில் கணக்கிட்டுப் பின்னர் குறைக்க வேண்டும். இதற்கு ஆற்றல் மிக்க செயலி தேவை.

இரண்டாவது, ஸ்பீக்கர் பெட்டி. பழைய கருவிகள் எளிய வடிகட்டிகளைக் கொண்டு இதனைப் போலச் செய்தன. பிற்காலக் கருவிகள் கணத்தாக்கத் துலங்கல் என்னும் கோப்பைப் பயன்படுத்துகின்றன. ஒரு பெட்டிக்குச் சோதனை ஒலியைச் செலுத்தி, ஒலிவாங்கி பதிவு செய்ததிலிருந்து பெறப்படும் சிறு கோப்பே இது.

மூன்றாவது, தாமதம். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கின்றது. ஆகவே 3 மில்லிநொடித் தாமதம், ஸ்பீக்கரிலிருந்து கூடுதலாக ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு ஒப்பாகும். அது இடையூறாக இராது. ஆனால் கம்பியில்லா இணைப்பு, கணினி இடைமுகம் போன்றவை சேரும்போது தாமதங்கள் கூடிக்கொண்டே போகும்.

மேம்படுத்தல்

மேம்படுத்தல் என்பது எப்போதும் புதிய கருவியை வாங்குவதைக் குறிக்காது. கருவியினுள் உள்ள நிலைபொருளைப் புதுப்பிப்பதும் மேம்படுத்தலே. 2015 இல் வெளியான ஹீலிக்சுக்கு, 2022 இல் வந்த 3.50 ஆம் பதிப்பு நிலைபொருள் புதிய ஸ்பீக்கர் பெட்டி மாதிரியாக்கத்தை இலவசமாக வழங்கியது. கெம்பர் நிறுவனமும் தன் 2011 ஆம் ஆண்டுக் கருவிக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புதுப்பித்தல்களை அளித்தது.

ஒலியில் உணரப்படும் குறை உண்மையில் எங்கே உள்ளது என்பதைக் கண்டறிவதே முடிவெடுப்பதன் முதற்படி ஆகும். அது பெரும்பாலும் பின்வரும் இடங்களில் ஒன்றில் இருக்கக்கூடும்.

- இணைப்பு: ஸ்பீக்கர் மாதிரியாக்கத்தை நிறுத்தாமல் கருவியைக் கிட்டார் பெருக்கியுடன் இணைத்தால், ஒலி இரண்டு ஸ்பீக்கர்களைக் கடந்ததுபோல் மங்கும். மாறாக, அதை நிறுத்திவிட்டு முழுவீச்சு ஸ்பீக்கரில் கேட்டால் கீச்சென்று இரையும்.
- ஒலியளவு: தாழ்ந்த ஒலியளவில் மனிதச் செவி கீழ்ச்சுரங்களைக் குறைவாகவே உணர்கின்றது. இதனை 1933 இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் அளந்து காட்டினர். இதனால், வீட்டில் மெதுவாகக் கேட்டு அமைத்த ஒலி மேடையில் அளவுக்கு மீறி முழங்குகின்றது. புதிய கருவி இதை மாற்றாது.
- ஒப்பீட்டு முறை: சற்றே உரத்துக் கேட்கும் ஒலியைச் செவி சிறந்ததெனக் கொள்ளும். எனவே இரு கருவிகளையும் ஒரே ஒலியளவில் வைத்து ஒப்பிட வேண்டும். கிட்டாரின் ஒலியை மட்டும் எவ்விதச் சேர்க்கையுமின்றி ஒருமுறை பதிவு செய்து, அதே பதிவை இரண்டுக்கும் செலுத்துவது நம்பத்தக்க முறை. இருப்பினும், விரலுக்குக் கருவி ஈடுகொடுக்கும் தன்மையை நேரில் வாசித்தே அறிய முடியும்.

புதிய கருவியை வாங்குவதற்குப் பொருந்தும் காரணங்களும் உள்ளன. ஒரே நேரத்தில் தேவைப்படும் விளைவுகள் அனைத்தையும் இயக்கச் செயலிக்குத் திறன் போதாமை, ஓர் ஒலியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஒலி அறுபடுதல், தேவையான வெளியீட்டு இணைப்புகள் இல்லாமை ஆகியன அவற்றுட் சில. துணை மென்பொருள் இயங்காமற் போவது மற்றொன்று. எடுத்துக்காட்டாக, 2019 இல் வெளியான மேக் இயங்குதளத்தின் 10.15 ஆம் பதிப்பு 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டது. அத்தகைய மென்பொருளால் ஒலியமைப்புகளைத் திருத்தி வந்தோர், கருவியின் முகப்பிலுள்ள பொத்தான்களையோ பழைய கணினியையோ நாட வேண்டியதாயிற்று.

மாறுவதால் ஏற்படும் இழப்பும் கணக்கிடத்தக்கது. ஒரு நிறுவனத்தின் கருவியில் சேமித்த ஒலியமைப்புகளைப் பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் கருவியில் திறக்க இயலாது. பல ஆண்டுகள் உழைத்து அமைத்தவற்றை மீண்டும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும். இசைக்குழுவில் தொடர்ந்து வாசிப்பவருக்குக் கருவியின் விலையை விட இதுவே பெரிய செலவாகலாம். பழைய கருவியின் கணக்கீட்டு முறை காலத்தால் தேய்வதில்லை. கால்விசை, குமிழ், மின்வழங்கி போன்ற உறுப்புகளே பழுதடைகின்றன. இவற்றுட் பல மாற்றக்கூடியவை.

இடைப்பட்ட வழிகள்

பழைய கருவியின் ஸ்பீக்கர் மாதிரியாக்கத்தை நிறுத்த வசதி இருப்பின், அதன் வெளியீட்டைக் கணத்தாக்கத் துலங்கற் கோப்புகளை ஏற்கும் தனிக் கருவியொன்றினூடாகச் செலுத்தலாம். பழைய கருவிகளில் வலுக் குறைந்த பகுதி பெரும்பாலும் ஸ்பீக்கர் மாதிரியாக்கமே என்பதால், குறைந்த செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் கிடைக்கின்றது.

கணினியும் ஒலி இடைமுகமும் உள்ளோர்க்கு மென்பொருள் மற்றொரு வழி. நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் திறமூல மென்பொருளை இலவசமாகப் பெறலாம். பயனர்கள் உண்மையான பெருக்கிகளிலிருந்து உருவாக்கிய படிமங்களை அது இயக்குகின்றது. எனினும் இத்தகைய படிமம் பொதுவாகப் பெருக்கியின் ஒரு குறிப்பிட்ட அமைப்பையே காட்டுவதால், குமிழ்களைத் திருப்பும்போது அசல் பெருக்கி நடந்துகொள்வதுபோல் இது நடந்துகொள்ளும் எனக் கூற இயலாது. மேடைக்குக் கணினியைக் கொண்டுசெல்ல விரும்பாதவர்கள் இதனைப் பயிற்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும் பயன்படுத்தி, மேடையில் தம் பழைய கருவியையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.