பாய் சீரமைத்தல்

பாய் சீரமைத்தல் என்பது பாய்மரப் படகின் பாய்களைக் காற்றின் திசைக்கும் வேகத்திற்கும் ஏற்ப இழுத்தும் தளர்த்தியும், அவற்றின் வடிவத்தை மாற்றியும் படகைச் செலுத்தும் திறன் ஆகும். பந்தயப் படகுகளில் இது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று. ஒரே அச்சில் செய்த இரு படகுகள் ஒரே காற்றில் ஓடும்போது, ஒன்று முந்துவதற்கும் மற்றொன்று பிந்துவதற்கும் பெரும்பாலும் பாயைப் பிடித்திருப்பவரின் கையே காரணமாகிறது. பாயை இறுக்கி இழுத்தால் படகு விரைந்து ஓடும் எனப் புதியவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில், தேவைக்கு மேல் இறுகிய பாய் படகைச் சாய்க்குமே தவிர, முன்னே தள்ளாது.

கிளிஞ்சல்மேட்டின் காற்று

பாயின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளக் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை நல்ல எடுத்துக்காட்டாகும். இது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், காவிரிக் கழிமுகப் பகுதியில் அமைந்த மீனவர் ஊர். இங்கே கரை ஏறத்தாழ வடக்கு தெற்காக நேராகச் செல்கிறது. கடல் கிழக்கே உள்ளது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும்.

பாய் கட்டிய கட்டுமரங்கள் சோழமண்டலக் கரையில் இயங்கிய காலத்தில், மீனவர்கள் விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குள் சென்று, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவது வழக்கமாக இருந்தது. போகும்போதும் வரும்போதும் காற்று முதுகுப்புறமிருந்தே தள்ளியது. காற்றுகளுக்குத் திசைவாரியாகப் பெயர்களும் உண்டு. பொதுவாக வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான் எனப்படும்.

பந்தயப் படகுக்கு இந்த வசதி இல்லை. பந்தயத் தடத்தின் முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையிலேயே நிறுத்தப்படும். பிற்பகல் கொண்டல் வீசும்போது கிளிஞ்சல்மேட்டிலிருந்து நேர் கிழக்கே 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிதவையை அடைய வேண்டுமெனக் கொள்வோம். எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. நல்ல பந்தயப் படகு காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை கோணத்தில் செல்லும். எனவே அது முதலில் வடகிழக்காகவும் பின்னர் தென்கிழக்காகவும் குறுக்கும் மறுக்குமாகச் சென்று, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடியே அந்த இடத்தை அடையும். இந்தக் கூடுதல் தொலைவை எவ்வளவு விரைவாகக் கடப்பது என்பதே பாய் சீரமைப்பின் கடினமான பகுதி.

ஏராவின் பணி

பாயில் காற்று உண்டாக்கும் விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சிறு பகுதியே முன்னோக்கித் தள்ளுகிறது. பக்கவாட்டு நகர்வைத் தடுக்க நீருக்கடியில் ஓர் எதிர்ப்பு தேவை. கட்டுமரத்தில் பக்கவாட்டில் நீருக்குள் இறக்கும் பலகை இந்தப் பணியைச் செய்தது. அலை மோதும் மணற்கரையில் இழுத்தேற்ற வேண்டிய கலம் என்பதால் அதற்கு ஆழமான அடிப்பகுதி பொருந்தாது.

ஏராப் படகு எனப்படும் பந்தயப் படகின் அடியில் கனமான உலோகத் தகடு ஒன்று துடுப்பைப்போல் இறங்கி நிற்கும். இதுவே ஏரா. 1977-இல் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய ஜே/24 வகைப் படகின் நீளம் 7.32 மீட்டர், எடை ஏறத்தாழ 1,400 கிலோகிராம். இதில் 430 கிலோகிராம் அளவு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான எடை, அடிச்சுமையாக உள்ளது. நீருக்குள் அது 1.22 மீட்டர் இறங்கும். இதனால் இத்தகைய படகைக் கிளிஞ்சல்மேடு போன்ற திறந்த கரையில் ஏற்ற முடியாது. அதற்குத் துறைமுகம் வேண்டும். ஏரா இரு பணிகளைச் செய்கிறது: படகு பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கிறது; தன் எடையால் படகு கவிழாமல் நிமிர்த்துகிறது.

பாய் இயங்கும் முறை

காற்று பின்னாலிருந்து வீசும்போது பாய் அதைத் தடுத்து நிறுத்தி, அதன் தள்ளுவிசையைப் பெறுகிறது. காற்று முன்பக்கவாட்டிலிருந்து வரும்போது பாய் பறவையின் இறக்கையைப்போல் இயங்குகிறது. வளைந்த பாயின் இரு புறமும் காற்று ஒட்டி ஓடுகிறது. அதன் புறவளைவில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. உள்வளைவில் அழுத்தம் கூடுகிறது. இந்த வேறுபாடே பாயை இழுக்கிறது.

காற்று பாயின் இரு புறமும் ஒட்டி ஓடும்வரைதான் இந்த விசை முழுமையாகக் கிடைக்கும். பாயை அளவுக்கு மீறி இழுத்தால், புறவளைவில் ஓடும் காற்று பாயைவிட்டுப் பிரிந்து சுழலாகிறது. அப்போது முன்செலுத்தும் விசை சரிந்து, பக்கவாட்டு விசையும் இழுவையும் மிஞ்சுகின்றன. முன்பாய்க்கும் பெரும்பாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி காற்றை விரைவுபடுத்துவதாலேயே படகு ஓடுகிறது என்ற பழைய விளக்கத்தை, போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய காற்றியக்கவியலாளர் ஆர்வெல் ஜென்ட்ரி 1970-களின் தொடக்கத்தில் திருத்தினார். இரு பாய்களும் ஒன்றைச் சுற்றிய காற்றோட்டத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்றும், அவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே அமைப்பாகக் கருத வேண்டும் என்றும் அவர் காட்டினார்.

அடிப்படை விதி

பாய் சீரமைப்பின் முதல் விதி எளிது: பாயின் முன்விளிம்பு படபடக்கும்வரை தளர்த்த வேண்டும், பின்னர் படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் தளர்த்திப் பார்ப்பதே நல்லது. தளர்ந்த பாய் படபடத்துத் தன் குறையைக் காட்டிவிடும். இறுகிய பாயோ அழகாக விம்மி நின்று, படகின் வேகம் குறைவதை மறைத்துவிடும்.

இதைக் கண்டறிய முன்பாயின் முன்விளிம்புக்கு அருகில் இரு புறமும் மெல்லிய கம்பளி இழைகள் ஒட்டப்படுகின்றன.

- இரு புற இழைகளும் பின்னோக்கி நேராகப் பறந்தால் பாய் சரியாக உள்ளது.
- காற்று வரும் பக்கத்து இழை துள்ளினால் பாய் தளர்ந்துள்ளது. பாயை இழுக்க வேண்டும், அல்லது படகைக் காற்றிலிருந்து சற்று விலக்க வேண்டும்.
- மறுபக்கத்து இழை துவண்டால் பாய் மிகையாக இறுகியுள்ளது. பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது படகைக் காற்றை நோக்கிச் சற்றுத் திருப்ப வேண்டும்.

வடிவத்தை மாற்றும் கயிறுகள்

பாயின் கோணத்தை மாற்றும் முதன்மைக் கயிறு ஷீட் எனப்படும் இழுகயிறு. பாயின் வடிவத்தை மாற்ற வேறு பல கயிறுகள் உள்ளன.

பெரும்பாயின் அடிவிளிம்பு பூம் எனப்படும் அடித்தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். அவுட்ஹால் என்னும் கயிறு அந்த விளிம்பைப் பின்னோக்கி இழுத்து, பாயின் கீழ்ப்பகுதியைத் தட்டையாக்குகிறது. கன்னிங்ஹாம் என்னும் கயிறு முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து, பாயின் ஆழமான வளைவை முன்னே நகர்த்துகிறது. 1958-ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் கொலம்பியா படகைச் செலுத்திய பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயரே இதற்கு வழங்குகிறது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு வரும் பின்கம்பியை இறுக்கினால் மரம் வளையும். அப்போது பெரும்பாய் தட்டையாகும், முன்பாயைத் தாங்கும் கம்பியும் விறைக்கும். வேங் என்னும் கயிறு அடித்தண்டு மேலெழாமல் பிடித்துக்கொள்கிறது. டிராவலர் என்னும் குறுக்குத் தண்டவாளம் பாயின் முறுக்கத்தை மாற்றாமலேயே அடித்தண்டை இடமும் வலமும் நகர்த்த உதவுகிறது.

கடல் மட்டத்திற்கு அருகில் உள்ளதைவிட உயரத்தில் காற்றின் வேகம் அதிகம். இதனால் பாயின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சற்று வெளிப்புறமாகத் திறந்திருக்க வேண்டும். இதுவே முறுக்கம். முன்பாயின் இழுகயிறு செல்லும் வளையத்தை முன்னே நகர்த்தினால் முறுக்கம் குறையும். பின்னே நகர்த்தினால் கூடும். படகைக் காற்றை நோக்கி மெல்லத் திருப்பும்போது பாயின் மேல் இழை முதலில் துள்ளினால் வளையத்தை முன்னே நகர்த்த வேண்டும். கீழ் இழை முதலில் துள்ளினால் பின்னே நகர்த்த வேண்டும்.

காற்றின் வேகத்திற்கேற்ற வடிவம்

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 10 நாட் வேகக் காற்று 14 நாட் ஆனால் பாயின் மீதுள்ள விசை ஏறத்தாழ இரு மடங்காகும். 20 நாட் ஆனால் நான்கு மடங்காகும். ஆகவே மிதமான காற்றில் பாய் ஆழமாக வளைந்திருப்பது நல்லது. காற்று வலுக்கும்போது அதைத் தட்டையாக்க வேண்டும். மிக மெல்லிய காற்றிலோ, அதிக வளைவைச் சுற்றி ஓடக் காற்றுக்கு வலுவிராது. அப்போதும் ஓரளவு தட்டையான பாயே பயன் தரும்.

திடீரென வன்காற்று அடிக்கும்போது படகு மிகவும் சாயும். சாய்வு மிகுந்தால் சுக்கான் நீரில் பிடிப்பை இழந்து, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிவிடும். இதைத் தவிர்க்கப் பெரும்பாயைப் பிடித்திருப்பவர் காற்று வந்து மோதும் கணத்திலேயே டிராவலரையோ இழுகயிற்றையோ தளர்த்துகிறார். வரும் காற்று நீர்ப்பரப்பில் கருமையான சிற்றலைத் திட்டாக முன்கூட்டியே தெரியும். அதைப் பார்த்துச் சொல்வது குழுவில் ஒருவரின் பணியாக இருக்கும்.

திருப்பங்களும் பலூன் பாயும்

படகின் முன்முனை காற்றின் திசையைக் கடக்குமாறு திருப்புவது டாக். இதில் முன்பாயின் பழைய இழுகயிற்றை மிக விரைவாகவும் விடக்கூடாது, தாமதமாகவும் விடக்கூடாது. பாய் உட்புறமாக மடங்கத் தொடங்கும் நொடியே சரியான நேரம். மறுபக்கத்து இழுகயிற்றைப் பாயில் காற்று நிறையுமுன்பே பெரும்பாலும் இழுத்து முடித்துவிட வேண்டும். காற்று நிறைந்தபின் வின்ச் உருளையில் சுற்றி இழுப்பதற்கு அதிக நேரமும் வலுவும் தேவைப்படும்.

படகின் பின்முனை காற்றைக் கடக்குமாறு திருப்புவது ஜைப். இதில் அடித்தண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வேகமாக வீசப்படும். தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே சுக்கான் பிடிப்பவர் முன்னறிவிப்புச் செய்து, அனைவரும் குனிந்தபின், இழுகயிற்றை நடுப்பகுதிவரை இழுத்துப் பின்னர் மறுபுறம் தளர்த்தி விடுவதே முறை.

காற்றோடு ஓடும்போது ஸ்பின்னேக்கர் என்னும் பலூன் பாய் ஏற்றப்படுகிறது. இதற்கும் அதே விதி பொருந்தும்: அதன் விளிம்பு இலேசாகச் சுருளும்வரை தளர்த்தி, சற்றே இழுக்க வேண்டும். காற்றும் படகின் வேகமும் இடைவிடாது மாறுவதால் இதைப் பிடித்திருப்பவர் ஒரு நொடியும் கண்ணை எடுப்பதில்லை.

தமிழ்க் கடற்கரையில்

பாய்க்கலை தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. கரிகாற் சோழனின் முன்னோர் காற்றின் போக்கை ஆண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக் குயத்தியாரின் புறநானூற்று 66-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் மீன்பிடித் தொழிலில் பாய்கள் பெரிதும் மறைந்தன. விளையாட்டாக இக்கலை, 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் தொடர்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அவர் செலுத்தும் வகைப் படகில் அடிச்சுமை கிடையாது. படகுக்கு வெளியே சாயும் உடலே அதை நிமிர்த்துகிறது.

ஏராப் படகோட்டத்தில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அலுவலர் ரூபா அழகிரிசாமி, சக அலுவலர் தில்னாவுடன் தாரிணி என்னும் 17 மீட்டர் நீளப் பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார். இருவர் மட்டுமே உள்ள கலத்தில் புயற்காற்றின்போது பாயைச் சுருக்குவதும், மெல்லிய காற்றில் அதை விரித்து வடிவமைப்பதும் நாள்தோறும் செய்ய வேண்டிய பணிகள். அங்கே பாய் சீரமைப்பு வேகத்தை மட்டுமன்றி, உயிர்ப் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

நடுக்கடலில் இயந்திரம் பழுதாகிவிட்டால் பிற்பகல் கொண்டல் கிளிஞ்சல்மேட்டை நோக்கித்தான் வீசிக்கொண்டிருக்கும். ஒரு தண்டும் ஒரு துணியும் இருந்து, அதைத் தளர்த்தவும் இழுக்கவும் தெரிந்தவருக்கு அந்தக் காற்றே கரை சேர வழியாகும்.