கூட்டுப் பதிவில் நேரும் இடர்கள்

நம் நாட்டுத் திருமணப் பத்திரிகையில் இரு வீட்டார் பெயரும் இருக்கும். ஒரே அச்சகத்தில் அச்சான அந்தத் தாளைப் பெண் வீட்டார் தம் உறவினர்க்கும், பிள்ளை வீட்டார் தம் உறவினர்க்கும் அனுப்பி வைப்பர். செய்தி ஒன்று, அதனைப் பெறும் சுற்றம் இரண்டு. இன்ஸ்டாகிராம் என்னும் சமூக ஊடகத்தில் ‘கொலாப்’ என்று இளைஞர் வழங்கும் கூட்டுப் பதிவும் ஏறக்குறைய இத்தகையதே. ஒருவர் ஒரு புகைப்படத்தையோ, ‘ரீல்’ எனப்படும் சிறு காணொளியையோ வெளியிடுகிறார். அதில் பங்கு கொள்ளுமாறு மற்றொருவரை அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் இசைந்தால், அப்பதிவு இருவர் பெயரையும் தலையில் தாங்கி இருவருடைய பக்கங்களிலும் நிற்கிறது. காண்போர் இடும் விருப்பக் குறிகளும் எழுதும் கருத்துரைகளும் இரண்டு இடங்களில் சிதறாமல் ஒரே கணக்கில் சேர்கின்றன.

2021 ஜூலை மாதத்தில் இந்தியாவிலும் பிரிட்டனிலும் சிலருக்கு மட்டும் இவ்வசதி சோதனையாக வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பொதுவாக எல்லோர்க்கும் கிடைத்தது. தொடக்கத்தில் ஒருவரை மட்டுமே உடன் அழைக்கலாம் என்றிருந்தது, 2023 ஆகஸ்டில் மூவர் என்றாயிற்று. பாடகரும் பக்க வாத்தியக்காரரும், சமையற் கலைஞரும் உணவு விடுதியும், நூலாசிரியரும் பதிப்பகமும், தையற் கலைஞரும் துணிக்கடையும் என, சேர்ந்து தொழில் செய்வோர் பலரும் இன்று இதனைக் கையாள்கின்றனர்.

ஆனால், திருமணப் பத்திரிகை என்ற உவமையை இன்னும் சிறிது நீட்டினால் அது முறிந்துவிடும். பத்திரிகை கைக்கு வந்த பின், பெண் வீட்டாரிடம் உள்ள பிரதியைப் பிள்ளை வீட்டார் கிழித்துவிட இயலாது. கூட்டுப் பதிவில் அது இயலும். ஏனெனில் அங்கே இரண்டு பிரதிகள் இல்லை, ஒன்றே உண்டு. அது முதலில் வெளியிட்டவருடையது. இரண்டு தெருக்களிலும் வாசல் வைத்துக் கட்டிய ஒரே வீட்டை எண்ணிப் பாருங்கள். எந்த வாசல் வழியாகவும் விருந்தினர் வரலாம். இரு வாசலிலும் இருவர் பெயரும் எழுதியிருக்கலாம். எனினும் வீட்டின் பட்டா ஒருவர் பெயரிலேயே இருக்கிறது. கூட்டுப் பதிவு குறித்து மக்கள் சொல்லும் குறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை அறியாமையால் எழுவன.

முதலில், அடிக்கடி கேட்கப்படும் முறையீட்டைப் பார்ப்போம். “நான் பதிவை வெளியிட்டேன், என் பக்கத்தில் இருக்கிறது, என் நண்பர் பக்கத்தில் காணவில்லை” என்பர். பெரும்பாலும் இதற்குக் காரணம் எளியது: நண்பர் இன்னும் இசைவு தரவில்லை. அழைப்பு விடுத்த அளவிலேயே பதிவு அழைத்தவர் பக்கத்தில் தோன்றிவிடுகிறது. ஆகவே காரியம் முடிந்ததென்று அவர் எண்ணிவிடுகிறார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம், அவர் வருவதாகச் சொன்னாரா என்பதை மறந்தோம் என்ற நிலை இது. நண்பர் தம் அறிவிப்புப் பகுதியைத் திறந்து, வந்திருக்கும் அழைப்பைத் தொட்டு, ஏற்றுக்கொண்டால் அன்றிப் பதிவு அவர் பக்கத்துக்குச் செல்லாது.

“எனக்கு அழைப்பே வரவில்லை” என்று நண்பர் சொல்வாராயின், அப்போது ஆராய வேண்டியவை சில உண்டு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அறிவிப்புகள் பெறுவோரிடம் ஓர் அழைப்பு அடியில் அமிழ்ந்துபோவது வியப்பன்று. எனவே பழைய அறிவிப்புகளையும், செய்திப் பெட்டியில் அறிமுகமற்றோர் அனுப்பியவை தனியே ஒதுங்கும் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் இல்லையெனில், அவர் தம் பெயரைப் பிறர் பதிவுகளில் சேர்ப்பதைத் தடுத்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ‘டேக்’ எனப்படும் இந்தப் பெயர் சேர்த்தலை எல்லோர்க்கும் திறந்து வைக்கலாம். தாம் பின்தொடர்வோர்க்கு மட்டும் வைக்கலாம். முற்றிலும் மூடியும் வைக்கலாம். தொல்லை தரும் விளம்பரக்காரரைத் தவிர்க்க என்றோ ஒரு நாள் மூடியவர், மூடியதை மறந்திருப்பார். உரியவர் அழைக்கும்போதும் கதவு மூடியே இருக்கும். வேறொரு காரணமும் உண்டு. கடைக்கு ஒரு கணக்கும் தமக்கு ஒரு கணக்கும் வைத்திருப்போர் பலர். அழைப்பு ஒன்றுக்குச் சென்றிருக்கும். அவர் மற்றொன்றில் தேடிக்கொண்டிருப்பார். அழைப்பதற்கு முன் பயனர் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தல் நலம். ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு மாறினால் ஆளே மாறிவிடுவார்.

தேடும்போது பெயரே தோன்றாமை மேற்சொன்ன காரணங்களாலும் நேரலாம். செயலி பழைய பதிப்பாக இருப்பதாலும் நேரலாம். செயலியைப் புதுப்பித்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து பார்ப்பது செலவில்லாத மருந்து.

அடுத்து, பூட்டிய கணக்குகள் பற்றி. தம்மைப் பின்தொடர இசைவு பெற்றவர் மட்டுமே காணும்படி கணக்கைத் தனிப்பட்டதாக வைத்துக்கொள்வோர் உளர். பெண்கள் பலர் தக்க காரணத்தோடு அவ்வாறே வைத்திருக்கின்றனர். அத்தகைய கணக்கிலிருந்தும் கூட்டுப் பதிவு தொடங்கலாம். ஆயினும் தம்மைப் பின்தொடர்பவரையே உடன் அழைக்க இயலும். இங்கே பட்டா யாருடையது என்ற வினா மீண்டும் எழுகிறது. பதிவை யார் காணலாம் என்பதைத் தீர்மானிப்பது வெளியிட்டவருடைய கணக்கின் பூட்டு. மாணவி ஒருத்தி தன் பூட்டிய கணக்கிலிருந்து நடனக் காணொளியை வெளியிட்டு, தன் நடனப் பள்ளியை உடன் சேர்க்கிறாள் என்று கொள்வோம். பள்ளியின் பக்கம் ஊரறியத் திறந்திருக்கிறது. ஆனாலும் பள்ளியைப் பின்தொடரும் பெற்றோர்க்கு அக்காணொளி தெரியாது. பள்ளியார் எதையோ தவறாகச் செய்ததாக எண்ணி மயங்குவர். அதே காணொளியைப் பள்ளி வெளியிட்டு மாணவியை அழைத்திருந்தால் எல்லோரும் கண்டிருப்பர். அவ்வாறு எல்லோரும் காண்பதை மாணவியும் அவள் வீட்டாரும் விரும்புகின்றனரா என்பதையும் முன்னரே கேட்டாக வேண்டும்.

இனி, இவை எல்லாவற்றினும் பெரிய இடருக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக, மூன்று நாடாக்கள் கொண்டு, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது கோர்வை. மரபான தறியில் அதற்குத் துணையாள் ஒருவர் பக்கத்தில் இருந்து நாடா எறிய வேண்டும். கூட்டு முயற்சி என்பது அந்தத் தொழிலுக்குப் புதிதன்று. அவர் தறியில் அமர்ந்து நெய்வதைச் சென்னை வணிகர் ஒருவர் காணொளியாக எடுத்துத் தம் கடைக் கணக்கில் வெளியிட்டு, நெசவாளரை உடன் அழைக்கிறார். நெசவாளர் மகன் கைப்பேசியில் அழைப்பை ஏற்கிறான். காணொளி பரவுகிறது. எங்கெங்கோ இருந்து புடவை கேட்டு எழுதுகின்றனர். கரையின் வேலைப்பாட்டைப் போற்றிக் கருத்துரைகள் குவிகின்றன. நெசவாளர் தம் பக்கத்தைத் திறந்து, வருவோர்க்கெல்லாம் அதனைக் காட்டி மகிழ்கிறார்.

பண்டிகை முடிகிறது. வணிகர் தம் கடைப் பக்கத்தைப் புதிய சரக்குக்கு ஏற்ப ஒழுங்கு செய்யும்போது அந்தப் பழைய பதிவை நீக்குகிறார். அவரிடம் தீய எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அலமாரியைத் துடைத்தது போன்ற செயலே அது. நெசவாளர் பக்கத்திலும் அக்கணமே அது மறைந்துவிடுகிறது. விருப்பக் குறிகள், பாராட்டுரைகள், ‘விலை என்ன’ என்று கேட்டு எழுதிய முகம் தெரியாத வாங்குவோரின் பெயர்கள், எல்லாம் போயின. “என் பக்கத்தில் இருந்ததை அவர் எப்படி அழிக்கலாம்?” என்று நெசவாளர் கேட்பது நியாயமான கேள்வி. விடைதான் கசப்பானது: அது அவர் பக்கத்தில் தெரிந்தது, அங்கே இருக்கவில்லை. வணிகர் தம் கணக்கையே முடக்கினாலும் இதே கதிதான். பதிவின் கீழுள்ள வாசகத்தைத் திருத்தும் உரிமையும் வெளியிட்டவர்க்கே உரியது. நெசவாளர் பெயரையோ ஊரையோ பிழையாக எழுதியிருந்தால், வணிகரிடம் சொல்லித்தான் திருத்த வேண்டும். நெசவாளர் தாமாகச் செய்யக்கூடியது ஒன்றே: பதிவிலிருந்து விலகிக்கொள்வது. அப்போது அது வணிகர் பக்கத்தில் மட்டும் தொடர்ந்து நிற்கும். வணிகரும் எந்நேரமும் நெசவாளர் பெயரை விலக்கிவிடலாம். அவ்வாறு விலக்கினால், குவிந்த புகழ் முழுதும் விலக்கியவர் பங்குக்கே போகிறது.

இந்நிறுவனம் இவ்வசதிக்குக் ‘கூட்டுழைப்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருக்கிறது. ‘விருந்தினர் வசதி’ என்று பெயரிட்டிருந்தால் இத்துணை ஏமாற்றம் விளைந்திராது என்பது என் எண்ணம்.

ஆகவே, யாருடைய உழைப்பு பதிவின் உயிராக இருக்கிறதோ அவரே வெளியிட்டு, மற்றவரை அழைப்பது முறை. வணிகர்க்கும் இதனால் இழப்பில்லை. அவர் பக்கத்திலும் அது முழுமையாகத் தோன்றும். இசையும் நிலையில் இல்லாவிடில், மூலக் காணொளியின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கித் தம் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும். விலை கேட்டு எழுதியோர் பெயர்களை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வைத்தாலும் போதும்; நோட்டை எவரும் தொலைவிலிருந்து அழிக்க மாட்டார்.

இசை பற்றிய சிக்கல் ஒன்று. தனிமனிதர் கணக்கில் திரைப்பாடல்களைப் பின்னணியாகச் சேர்க்க வழி உண்டு. வணிகக் கணக்குகளுக்கு அவ்வுரிமை மிகக் குறுகியது. பாடல் உரிமை பெற்றிருப்பது மக்கள் தம் மகிழ்ச்சிக்குப் பகிர்வதற்கே அன்றி, சரக்கு விற்பதற்கு அன்று என்பது அதன் அடிப்படை. ஆதலால் தனிமனிதர் ஒருவர் திரைப்பாடலுடன் செய்த ரீலில் கடையைச் சேர்க்க முயலும்போது தடை நேரலாம். ஒலி அடைபட்டும் போகலாம். கடையும் பங்குகொள்ளும் பதிவாயின், வணிகப் பயன்பாட்டுக்கென ஊடகமே தரும் இசையையோ, சொந்தக் குரலையோ, தறியோசையையோ வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தறியோசை திரைப்பாடலினும் இனிதாக இருப்பதும் உண்டு.

பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு செய்யும் கூட்டுப் பதிவுகளுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. கைம்மாறு பெற்றதைக் காண்போர்க்கு விளங்கச் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் சாரம். இரண்டு பெயர்கள் தலைப்பில் சேர்ந்து நிற்பதைக் கண்டு, இடையே பணம் கைமாறியதா, நட்பு மட்டுமா என்பதை யாரும் ஊகிக்க இயலாது. பொய்யான விளம்பரத்துக்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பரிந்துரைப்பவர்க்கும் இது பொருந்தும்.

இறுதியாக, அறியாதவர் விடுக்கும் அழைப்பு. ஏற்றுக்கொண்டால், அவர் பதிவு உங்கள் பெயருடன் உங்கள் சுற்றத்தார் முன் தோன்றும். சூதாட்டச் செயலியையோ போலி முதலீட்டையோ உங்கள் அத்தை உங்கள் பேரை நம்பித் திறந்து பார்ப்பார். முன்பின் தெரியாத ‘நிறுவனம்’ ஒன்று, கூட்டுப் பதிவுக்கு நல்ல தொகை தருவதாகச் சொல்லி ஓர் இணைப்பை அனுப்பி, அதில் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணையோ இடச் சொன்னால், அது ஏமாற்று. உண்மையான அழைப்பு செயலிக்குள்ளேயே வரும்; ஏற்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. தவறுதலாக ஏற்றுவிட்ட பதிவிலிருந்து உடனே விலகிக்கொள்ளலாம். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் முதலில் அதனை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அன்றைக்கே தொலைபேசியில் தெரிவியுங்கள். செய்தி விரைந்து சென்றால், பணம் வேறு கைக்கு மாறுமுன் வங்கிகள் அதனை இடைவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.